சதுரக் குறியீடும் வலையொலி நிகழ்ச்சிகளும்

1956-ஆம் ஆண்டில் புனே வானொலி நிலையம், யுனெஸ்கோ அமைப்பின் துணையுடன், அன்றைய பம்பாய் மாநிலத்தின் மராத்தி மொழி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஒரு சோதனை முயற்சியை மேற்கொண்டது. சுமார் 150 கிராமங்களில் வானொலிக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை மன்றத்தினர் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அரைமணி நேர நிகழ்ச்சியைக் கேட்டனர்; கேட்டதைப் பற்றித் தமக்குள் விவாதித்தனர்; எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். இந்த முயற்சி பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த மன்றத்தினர் நிகழ்ச்சியைக் கேட்பதற்கு அறிந்திருக்க வேண்டியவை இரண்டே செய்திகள்: ஒலிபரப்பாகும் நேரம், நிலையத்தின் அலைவரிசை. இரண்டும் எண்கள். ஒருவர் மற்றவருக்கு வாய்மொழியாகவே சொல்லிவிடலாம்.

இன்று வேளாண்மை, நலவாழ்வு, கல்வி, சட்ட உதவி ஆகிய துறைகளில் ஏராளமான ஒலி நிகழ்ச்சிகள் இணையத்தின் வழியே வெளியிடப்படுகின்றன. 'பாட்காஸ்ட்' என்றும் தமிழில் 'வலையொலி' என்றும் வழங்கப்படும் இந்நிகழ்ச்சிகளைக் கேட்போர் தமக்கு உகந்த நேரத்தில் கேட்கலாம். நிறுத்தி மீண்டும் தொடரலாம். பழைய உரைகளைத் தேடிக் கேட்கலாம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 'ஷிக்ஷா வாணி' என்னும் பெயரில் மாணவர்களுக்கான வலையொலியை நடத்தியது. 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட பி.எம். இ-வித்யா திட்டத்தில் அதுவும் இடம்பெற்றது. நேரத்தின் கட்டுப்பாடு இவ்வாறு நீங்கிவிட்டது உண்மையே. ஆனால் அலைவரிசை எண் இருந்த இடம் வெற்றிடமாகி விட்டது. வலையொலிக்குச் சுழற்றிப் பிடிக்கும் எண் கிடையாது. அதற்கு உள்ளது நீண்ட இணைய முகவரி. அதுவும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில் அமைந்தது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் சுவரொட்டியில் உள்ள 90 எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கைப்பேசியில் தட்டுவார் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் கருவியாகவே கியூ.ஆர். குறியீடு எனப்படும் கறுப்பு வெள்ளைச் சதுரம் இன்று கையாளப்படுகிறது. அரசு அலுவலகங்கள் வெளியிடும் விளம்பரங்களில் அது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சதுரத்தை அச்சிட்டுவிட்டால் மக்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சதுரம் ஒரு முகவரிச் சீட்டு மட்டுமே. அது எங்கே ஒட்டப்படுகிறது, எந்தக் கதவைத் திறக்கிறது, அக்கதவு எத்தனை ஆண்டுகள் திறந்திருக்கும் என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

குறியீட்டின் அமைப்பு

கடைப் பொருள்களின் உறைகளில் காணப்படும் கோட்டுக் குறியீடு 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டிராய் என்னும் ஊரில், ஒரு பேரங்காடியில் முதன்முதலாக வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் ஏறத்தாழ 20 எழுத்துகளையே அடக்க இயலும். ஜப்பானில் மோட்டார் வாகன உதிரிப் பாகங்களைக் கையாண்ட தொழிற்சாலைகளில் இது போதவில்லை. ஒரே பெட்டியில் பல கோட்டுக் குறியீடுகளை ஒட்டி, தொழிலாளர்கள் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்தது. இத்தொல்லையைத் தீர்க்க டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் 1994-இல் உருவாக்கியதே கியூ.ஆர். குறியீடு. 'விரைந்த மறுமொழி' என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அப்பெயர். அந்நிறுவனம் தன் காப்புரிமையை வலியுறுத்தாமல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 2000-ஆம் ஆண்டில் அது அனைத்துலகத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது. குறியீடு உலகெங்கும் பரவியதற்கு இந்தத் தாராளம் ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய கட்டங்களை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். காமிரா குறியீட்டைக் கண்டுகொள்வது இவற்றைக் கொண்டே. இக்கட்டங்களின் குறுக்கே எந்தத் திசையில் கோடு கிழித்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறிமாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகவே காணப்படும் விகிதம் எது என்று ஆராய்ந்த பின்னரே ஹாரா குழுவினர் இதைத் தேர்ந்தனர். இதனால் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தாலும் குறியீடு படிக்கப்படுகிறது.

மிகச் சிறிய குறியீடு பக்கத்துக்கு 21 புள்ளிகள் கொண்டது. மிகப் பெரியது 177 புள்ளிகள் கொண்டது. அடக்க வேண்டிய எழுத்துகள் பெருகப் பெருகப் புள்ளிகளும் பெருகும். இங்கே ஒரு சிறு கணக்கு அலுவலர்களுக்குப் பயன்படும். 25 எழுத்துகளில் அடங்கும் முகவரியை, இடைநிலைப் பிழைதிருத்தத்துடன், பக்கத்துக்கு 25 புள்ளிகள் கொண்ட சதுரத்தில் அடக்கலாம். 100 எழுத்துகள் கொண்ட முகவரிக்குப் பக்கத்துக்கு 41 புள்ளிகள் தேவை. இரண்டையும் 5 சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டால், முன்னதில் ஒரு புள்ளி 2 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், பின்னதில் 1.2 மில்லிமீட்டர்தான். விலை குறைந்த கைப்பேசியின் காமிராவுக்கும், மங்கிய விளக்கொளிக்கும், மை பரவும் மலிவுத் தாளுக்கும் இந்த வேறுபாடு பெரிது. ஆகவே முகவரியைச் சுருக்குவதே குறியீட்டைத் தெளிவாக்குவதற்கு முதல் வழி.

பிழைதிருத்தம் என்பதையும் விளக்க வேண்டும். 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் வகுத்த முறைப்படி, குறியீட்டினுள் மிகைத் தகவல்கள் சேர்க்கப்படுகின்றன. இதனால் சதுரத்தின் ஒரு பகுதி கிழிந்தாலும் அழுக்கடைந்தாலும் எஞ்சியதிலிருந்து முழுச் செய்தியையும் மீட்க முடிகிறது. இதில் ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதத்தைத் தாங்கும் நான்கு நிலைகள் உண்டு. சுவரில் ஒட்டப்படும் குறியீடு மழையையும் ஆணியையும் அடுத்த சுவரொட்டியின் விளிம்பையும் எதிர்கொள்ள வேண்டியிருப்பதால் உயர்ந்த நிலையைத் தேர்வது நன்று. அதற்குரிய விலையாகப் புள்ளிகள் சற்று மிகும். நடுவில் துறையின் சின்னத்தைப் பதிக்கும் வழக்கம் இப்போது மிகுந்துள்ளது. அழகாகத்தான் இருக்கிறது. மழைக்கும் ஆணிக்கும் என்று ஒதுக்கிய சேமிப்பைச் சின்னத்துக்குச் செலவிட்டுவிட்டோம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

திறந்த கதவும் மூடிய கதவும்

குறியீடு எந்தப் பக்கத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. இதைப் புரிந்துகொள்ள வலையொலி எவ்வாறு வெளியாகிறது என்பதை அறிதல் நலம். நிகழ்ச்சியை நடத்துவோர் ஒலிக்கோப்புகளை ஒரு கணினியில் சேமித்து, அவற்றின் தலைப்பு, நாள், இருப்பிடம் ஆகியவற்றைத் தொகுத்த ஒரு பட்டியலை வெளியிடுகின்றனர். செய்தியோடை எனப்படும் இப்பட்டியலைப் பல்வேறு செயலிகள் அவ்வப்போது படித்து, புதிய உரை வந்ததும் கேட்போருக்கு அறிவிக்கின்றன. ஓடை நிகழ்ச்சி நடத்துவோருக்கு உரியது. செயலிகள் அதிலிருந்து மொண்டு தரும் குடங்களே.

ஆனால் விளம்பரம் செய்வோர் பலர் ஓடையை விட்டுவிட்டுக் குடத்தின் முகவரியை அச்சிடுகின்றனர். கூகுள் நிறுவனத்தின் வலையொலிச் செயலி 2018-இல் தொடங்கப்பட்டு 2024-இல் மூடப்பட்டது. அச்செயலியின் முகவரியைத் தாங்கிய சுவரொட்டிகளும் கையேடுகளும் அன்றே பயனற்றுப் போயின. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2017-இல் தனக்கெனத் தனிக் குறியீடு ஒன்றை அறிமுகப்படுத்தியது. உயரம் மாறும் 23 கோடுகள் கொண்ட அக்குறியீடு பார்வைக்கு ஒலி அலையைப் போல் அழகாக இருக்கும். எனினும் அதை அந்நிறுவனத்தின் செயலியால் மட்டுமே படிக்க இயலும். கைப்பேசியின் சாதாரணக் காமிரா அதை ஒரு படமாகவே காணும். இசைக் கலைஞர் ஒருவர் தம் ரசிகர்களுக்கு இதை வழங்கலாம். அவர்களிடம் அச்செயலி இருக்கக்கூடும். பொதுப்பணத்தில் நடத்தப்படும் நிகழ்ச்சி, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் செயலியை வைத்திருப்போருக்கு மட்டுமே தன் கதவைத் திறப்பது முறையாகாது.

ஆகவே குறியீடு துறையின் சொந்த இணையதளத்தில் உள்ள ஓர் எளிய பக்கத்துக்கு இட்டுச் செல்ல வேண்டும். அப்பக்கத்தில் கண்ணில் படும் முதல் பொருள் உரையைக் கேட்பதற்கான பொத்தானாக இருக்க வேண்டும். பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவு செய்தால்தான் கேட்கலாம் என்ற நிபந்தனை கூடாது. செயலிகளில் கேட்க விரும்புவோருக்கு இணைப்புகளைக் கீழே தரலாம். ஒலிக்கோப்பின் அளவும் கருதத்தக்கது. பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தரம் போதுமானது. அத்தரத்தில் 10 நிமிட உரைக்கு ஏறத்தாழ 4.8 மெகாபைட் செலவாகும். இசைக்குரிய உயர்ந்த தரத்தில் வெளியிட்டு அதை இருமடங்காக்குவதால் விவசாயிக்குக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை.

சுவரொட்டி எதைப் பற்றியதோ அந்த உரையே திறக்க வேண்டும் என்பதும் முக்கியம். மத்திய அரசு 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி நோய்க்கான தடுப்பூசி இடம்பெறுகிறது. கால்நடை மருந்தகத்தின் சுவரில் இத்தடுப்பூசி பற்றிய சுவரொட்டி ஒன்று ஒட்டப்படுவதாகக் கொள்வோம். அதன் குறியீடு, சினைப் பசுவுக்கு ஊசி போடலாமா, பால் குறையுமா என்ற வினாக்களுக்கு விடை கூறும் ஆறு நிமிட உரையை நேரே திறக்க வேண்டும். மாறாக, அமைச்சரின் தொடக்க உரை முதலாக நாற்பது நிகழ்ச்சிகளின் பட்டியலைக் காட்டினால், கையில் மாட்டுக்கயிற்றைப் பிடித்திருப்பவர் அதில் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

முகவரியின் ஆயுள்

அச்சிட்ட சதுரத்தைத் திருத்த முடியாது. இதற்கு மாற்றாக, குறியீட்டினுள் ஓர் இடைமுகவரியைப் பதித்து, அது எங்கே திருப்பிவிட வேண்டும் என்பதைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் முறை உள்ளது. இம்முறை பயனுடையதே. ஆனால் இடைமுகவரியை நடத்துவது யார் என்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் இலவசம் என்று சொல்லிச் சில வாரங்களுக்குப் பின் கட்டணம் கேட்கும் தனியார் சேவைகள் பல உண்டு. கட்டணம் நின்றால் மாவட்டம் முழுவதும் ஒட்டிய சுவரொட்டிகள் ஒரே இரவில் ஊமையாகிவிடும். பெரிய நிறுவனங்களும் நிலையானவை அல்ல. கூகுள் நிறுவனம் தன் முகவரிச் சுருக்கச் சேவையில் புதிய முகவரிகள் உருவாக்குவதை 2019-இல் நிறுத்திவிட்டது. துறையின் சொந்தத் தளத்திலேயே ஒரு சுருக்கமான முகவரியை உருவாக்கி, அங்கிருந்து திருப்பிவிடுவதே பாதுகாப்பானது. தேசியத் தகவலியல் மையத்தின் உதவியுடன் இயங்கும் அலுவலகங்களுக்கு இது கடினமான செயலன்று.

முகவரியைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஜெர்மனியில் 2015-இல் நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தக்காளிச் சாஸ் தயாரிக்கும் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்று, 2012 முதல் 2014 வரை நடத்திய போட்டிக்காகத் தன் புட்டிகளில் குறியீட்டை அச்சிட்டிருந்தது. போட்டி முடிந்தபின் இணைய முகவரியை அந்நிறுவனம் புதுப்பிக்கவில்லை. ஆபாசப் படங்கள் வெளியிடும் நிறுவனம் ஒன்று அம்முகவரியை வாங்கிக்கொண்டது. வீட்டில் எஞ்சியிருந்த புட்டியின் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டிய ஒருவர் திகைத்துப் போனார். நிறுவனம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. நம் நாட்டில் ஒரு திட்டத்துக்கெனத் தனி முகவரியை வாங்கி, திட்டக்காலம் முடிந்ததும் நிதி ஒதுக்கீடு இல்லை என்று கைவிடுவது அரிதன்று. திட்டம் முடிந்தாலும் பாடநூலும் சுவரொட்டியும் விதைப் பொட்டலமும் மக்களிடம் இருந்துகொண்டே இருக்கின்றன.

பணம் கேட்கும் சதுரம்

இந்தியாவில் கருதத்தக்க ஒரு சிக்கல் உண்டு. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறை அறிமுகமானது. அதைத் தொடர்ந்து தேநீர்க் கடை, காய்கறித் தள்ளுவண்டி, கோயில் வாசல் பூக்கடை என எங்கும் சதுரக் குறியீடு பரவியது. கோடிக்கணக்கான மக்கள் குறியீட்டைக் கையாளப் பழகியது இதனால்தான். வலையொலி நடத்துவோருக்கு இப்பழக்கம் ஒரு வாய்ப்பு. அதுவே ஓர் இடையூறும் ஆகும்.

இக்கட்டுரையாளர் ஒருமுறை ஒரு மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்தில், தாய்சேய் நலம் பற்றிய ஒலி நிகழ்ச்சிக்கான விளம்பரத்தைக் கண்டார். கண்ணாடிச் சட்டத்தினுள், தலைக்கு மேல் எட்டாத உயரத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம். அதன் கீழே 'ஸ்கேன் செய்யவும்' என்ற சொற்கள் மட்டும். அருகில் நின்ற பெண்மணி ஒருவரிடம் அதைப் பற்றி வினவியபோது, "எதற்குப் பணம் கட்டச் சொல்கிறார்களோ தெரியவில்லை" என்றார். இளைஞர் ஒருவர் தம் பணப் பரிமாற்றச் செயலியைத் திறந்து சதுரத்தை நோக்கிக் காட்டினார். இது செல்லாத குறியீடு என்று செயலி கூறிவிட்டது. அவர் செய்ததில் பிழையில்லை. சதுரம் என்றால் அந்தச் செயலி என்பதுதான் அவர் அறிந்தது. பணப் பரிமாற்றக் குறியீட்டினுள் இருப்பது பணம் பெறுவோரின் விவரம்; வலையொலிக் குறியீட்டினுள் இருப்பது இணையதள முகவரி. வெளித்தோற்றத்தில் இவ்வேறுபாட்டைக் காண வழியில்லை.

எனவே சதுரத்துக்கு அருகில் எழுதப்படும் சொற்களுக்குச் சதுரத்தைவிட மிகுந்த கவனம் தேவை. என்ன பொருள், பேசுபவர் யார், எந்த மொழி, எத்தனை நிமிடம், கட்டணம் உண்டா என்பவை அங்கே இருக்க வேண்டும். "பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால்: அரசு மருத்துவமனைச் செவிலியர் பேசுகிறார். 7 நிமிடம். கட்டணம் இல்லை. பணச் செயலி வேண்டாம், கைப்பேசிக் காமிராவில் காட்டினால் போதும்" என்று எழுதுவதற்கு மூன்று வரிகளுக்கு மேல் ஆகாது.

ஐயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், இரவோடிரவாகச் சில கடைகளின் குறியீடுகள் மீது மோசடிக்காரர்கள் தம் குறியீட்டை ஒட்டிவிட்டுச் சென்றனர். வாடிக்கையாளர் செலுத்திய பணம் வேறு கணக்குக்குப் போயிற்று. சுவரொட்டியிலும் இது நிகழலாம். துறையின் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டி, உதவித்தொகை பெறுவதற்கு வங்கி விவரம் தருக என்று கேட்கும் போலிப் பக்கத்துக்கு மக்களை இழுத்துச் செல்வது எளிது. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் பக்கத்தைத் திறப்பதற்கு முன் முகவரியைத் திரையில் காட்டுகின்றன. சதுரத்தின் கீழே அதே முகவரி படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். குறியீட்டைத் தனி வில்லையாக ஒட்டாமல் சுவரொட்டியுடன் சேர்த்தே அச்சிடுவதும் ஒரு காப்பு.

எங்கே ஒட்டுவது?

படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் குறியீட்டுக்கு வேண்டும் என்பது அச்சுத்துறையில் வழங்கும் பொது விதி. பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பதாயின் ஓரடிச் சதுரம் வேண்டும். நான்கு புறமும் குறைந்தது நான்கு புள்ளி அகலத்துக்கு வெற்றிடம் விடவேண்டும். வெளிறிய பின்னணியில் கரிய புள்ளிகளே நம்பத்தக்கவை. இவற்றை அச்சகத்தார் அறிவர்.

இடத்தைத் தேர்வது அச்சகத்தாரின் பணியன்று. மக்கள் காத்திருக்கும் இடங்களையே தேட வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்தின் வரிசையில் நிற்பவரின் இரு கைகளிலும் பாத்திரம் இருக்கும். அங்கே சுவரில் ஒட்டுவதைவிடச் சங்கம் வழங்கும் கணக்குச் சீட்டின் பின்புறத்தில் அச்சிடுவது மேல். மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் காத்திருப்போருக்குக் கை ஓய்வாக இருக்கும். ஆனால் இரைச்சல் மிகுதி. அங்கே ஒருவர் கருத்தடை முறைகள் பற்றிய உரையை நாலுபேர் காதில் விழும்படி ஒலிக்கவிடவும் மாட்டார்.

குறியீட்டைப் படிப்பது ஓரிடத்தில், உரையைக் கேட்பது வேறிடத்தில் என்பதே நடைமுறை. பொது இடத்தில் பார்த்ததை இரவில் வீட்டில் கேட்கின்றனர். ஆதலால் திறக்கும் பக்கத்தில் உரையைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும். அதனினும் எளியது, சுவரொட்டியின் அருகே சில துண்டுச் சீட்டுகளை வைப்பது. வீட்டுக்குக் கொண்டுபோகும் சீட்டு, கைப்பேசி வைத்திருக்கும் மகனிடமோ மருமகளிடமோ சென்று சேரும். பல குடும்பங்களில் ஒரே கைப்பேசியைத்தான் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். அது பெரும்பாலும் ஆண்களின் சட்டைப் பையில் வெளியே போய்விடுகிறது. தாய்சேய் நலத்துக்கான குறியீட்டைப் பகல் பதினொரு மணிக்கு அங்கன்வாடியில் காணும் பெண்ணுக்கு அந்நேரத்தில் கைப்பேசி கையில் இருக்குமா என்பதைக் கேட்டறிந்த பிறகே திட்டமிட வேண்டும்.

எண்ணிக்கை

ஒவ்வோர் இடத்துக்கும் சற்றே வேறுபட்ட முகவரி கொண்ட குறியீட்டை அச்சிட்டால், எங்கிருந்து எத்தனை பேர் வந்தனர் என்பதைக் கணக்கிடலாம். இது மிக எளிய, ஏறக்குறையச் செலவற்ற ஆய்வுமுறை. எந்த மருந்தகத்துச் சுவரொட்டி பயன்படுகிறது, எது வீணாக நிற்கிறது என்பது ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். ஆனால் வந்தவர் அனைவரும் கேட்டவர் ஆகார். குறியீட்டைத் திறந்தோர் எண்ணிக்கை ஒன்று. ஒலிக்கோப்பு இறங்கிய எண்ணிக்கை வேறு. இறுதிவரை கேட்டோர் எண்ணிக்கை மூன்றாவது. இவற்றுள் முதலாவதே எப்போதும் பெரிதாக இருப்பதால், முன்னேற்ற அறிக்கைகளில் அதுவே இடம்பெறும் ஆசை அலுவலகங்களுக்கு இயல்பாக உண்டு. மேலதிகாரிகள் மூன்றையும் தனித்தனியே கேட்பது நன்று. யார் வந்தார் என்ற விவரம் இதற்குத் தேவையே இல்லை. எத்தனை பேர் என்பது போதும்.

சதுரத்தைப் படிக்க இயலாதோர்

'தீக்ஷா' தளத்துடன் இணைக்கப்பட்ட பாடநூல்களில் ஒவ்வொரு குறியீட்டின் கீழும் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு குறி அச்சிடப்பட்டிருப்பதை மாணவர்கள் கண்டிருப்பார்கள். காமிரா பழுதானாலும் தாள் கிழிந்தாலும் அந்த ஆறு எழுத்துகளைத் தட்டி அதே பாடத்தை அடையலாம். 2017-இல் தொடங்கப்பட்ட அத்தளத்தின் அமைப்பாளர்கள், சதுரம் தோற்கும் இடங்கள் இருக்கும் என்று முன்கூட்டியே எண்ணியிருக்கின்றனர். வலையொலி விளம்பரங்களில் இந்த முன்னெண்ணம் அரிதாகவே காணப்படுகிறது.

பொத்தான் கைப்பேசி வைத்திருப்போர் இன்னும் பலர். பார்வையற்றோருக்கு ஒலி நிகழ்ச்சி மிகவும் உகந்தது. ஆனால் சுவரில் சதுரம் எங்கே உள்ளது என்பதை அவர்களால் அறிய இயலாது. காதுக்கான ஒரு நிகழ்ச்சியைக் கண்ணால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும் என்று அமைப்பது விந்தையான முரண்பாடு. இவ்விரு சாராருக்கும் உதவுவது சாதாரணத் தொலைபேசி எண்ணே. சத்தீஸ்கர் மாநிலத்தில் 2010-இல் தொடங்கப்பட்ட 'சிஜிநெட் ஸ்வரா' என்னும் அமைப்பு இதை நடைமுறையில் காட்டியது. பழங்குடி மக்கள் தம் கைப்பேசியிலிருந்து ஓர் எண்ணை அழைத்துத் தம் குறைகளைத் தம் மொழியிலேயே பதிவு செய்தனர். பிறர் பதிவு செய்ததைக் கேட்டனர். கோண்டி மொழி பேசுவோரும் அதைப் பயன்படுத்தினர். இணையமும் காமிராவும் எழுத்தறிவும் அதற்குத் தேவைப்படவில்லை. வேளாண் அமைச்சகம் 2004-இல் தொடங்கிய விவசாயிகள் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண்ணும் நாடெங்கும் அறியப்பட்டதே.

வலையொலிக்கென ஏற்கெனவே பதிவு செய்த அதே உரையைத் தொலைபேசி வழியே ஒலிக்கச் செய்வதற்குப் புதிய நிகழ்ச்சி எதையும் தயாரிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டணமில்லா எண்ணும் அழைப்பை ஏற்று ஒலிக்கோப்பை ஓடவிடும் கருவியும் போதும். ஒருவர் அழைத்து ஓசையிட்டுத் துண்டித்தால், அமைப்பே அவரைத் திரும்ப அழைக்கும் முறையும் உண்டு, அழைப்பவருக்குச் செலவில்லை. அந்த எண்ணைச் சதுரத்தின் அருகே பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கும், சுவரொட்டியைப் பார்க்க இயலாதவருக்கு அங்கன்வாடிப் பணியாளர் அதை வாய்மொழியாகச் சொல்வதற்கும், ஆணை ஒன்றின் இரண்டு வரிகள் போதும்.